ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து: கிருஷ்ணகிரி முதியோர் இல்லம் ஒன்றிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

காவேரிப்பட்டணத்தை ஒட்டிய ஒரு முதியோர் இல்லத்தில் நடந்தது இது. அங்கே செவிலியர் பொறுப்பில் இருக்கிறேன். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். இதில் வரும் மருந்து அளவுகள் ஒரே ஒருவருக்காக, அவரை நேரில் பார்த்த மருத்துவர்கள் முடிவு செய்தவை. இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் தாமாக மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். குளோனாசெபாம் போன்ற தூக்கமும் அமைதியும் தரும் மருந்தைப் பல மாதம் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் கொண்டுபோய்விடும்.

பின்னணி

இல்லத்தில் எல்லோரும் அவரை அவ்வா என்றுதான் கூப்பிடுவோம். வயது 76. வேப்பனப்பள்ளிப் பக்கத்துக் கிராமம். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். இரண்டு மாடு, கொஞ்சம் மாந்தோப்பு, மானாவாரியில் கேழ்வரகு. கணவர் இறந்து பல வருடம் ஆகிறது. மூத்த மகனுக்கு ஓசூரில் ஆலை வேலை. இளையவர் ஊரிலேயே தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். அவ்வா அவரோடுதான் இருந்தார்.

மூன்று வருடத்துக்கு முன் அல்சைமர் வகை மறதி நோய் என்று கண்டுபிடித்து ஞாபகத்துக்கான டோனெபெசில் 5 மி.கி. ஆரம்பித்திருக்கிறார்கள். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே இந்த மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அந்தத் திட்டத்தில் வரும் தன்னார்வலர் அவ்வாவுக்கும் வீட்டிலேயே மாத்திரை கொடுத்துவந்தார். மறதி இருந்தாலும் அவ்வா காலையில் எழுந்து சாணி அள்ளுவார், தொழுவம் கூட்டுவார். சாப்பிட்டதை மறந்து மறுபடி கேட்பார். சாயங்காலம் மாடு திரும்பும் நேரத்தில் கொஞ்சம் பரபரப்பாக இருப்பார். அதை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் ஒரு முறை காய்ச்சல் வந்தது. சிறுநீர்த் தொற்று. ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் இரவு அவ்வா டிரிப் ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கட்டிலை விட்டு இறங்கி, யாரையோ திட்டிக்கொண்டே வாசலுக்குப் போயிருக்கிறார். மறதி நோய் உள்ளவர்களுக்குத் தொற்று, காய்ச்சல், புது இடம் எல்லாம் சேரும்போது இப்படித் திடீர்க் குழப்பம் வருவது சகஜம். டெலிரியம் என்பார்கள். காரணம் சரியானால் பெரும்பாலும் சில நாளிலோ சில வாரத்திலோ அடங்கிவிடும். அன்று இரவு ஊசி போட்டுப் படுக்கவைத்தார்கள். அந்தச் சூழலில் அதைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தொற்றும் ஐந்தாறு நாளில் சரியாகிவிட்டது.

ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் இரவுக்கு இரண்டு புது மாத்திரைகள் இருந்தன. எதற்காக என்று எழுதவில்லை. எதுவரைக்கும் என்பதும் இல்லை. "தொடரவும்" என்று மட்டும் இருந்தது. கீழே, குளோனாசெபாம் அரை மாத்திரை கூடுதலாக, எஸ்.ஓ.எஸ்., அதாவது தேவைப்பட்டால் மட்டும்.

இல்லத்துக்கு வந்த நிலை

அடுத்த இரண்டு மாதத்தில் அவ்வா நடப்பதை நிறுத்திவிட்டார். மருமகள் ஒருவரால் தூக்கி உட்காரவைக்க முடியவில்லை. அதனால்தான் இல்லத்துக்குக் கொண்டுவந்தார்கள். பல பேர் நினைப்பதுபோல அவர் கத்தியது காரணம் இல்லை.

நான் அந்த இல்லத்தில் பொறுப்பேற்றபோது அவ்வா வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பகலில் பெரும்பாலும் தூக்கம். வாயோரம் எச்சில் வழியும். இரண்டு பேர் பிடித்தால் நிற்பார், ஆனால் பாதம் தரையை விட்டு எழும்பாது, இழுத்து இழுத்து வைப்பார். முழங்கையை மடக்கினால் பல் சக்கரம் நகர்வதுபோல விட்டுவிட்டு மடங்கும். எடை 41 கிலோ. மருத்துவமனையில் சேர்த்தபோது 46 என்று சீட்டில் இருந்தது. கட்டிலருகே இரண்டு முறை விழுந்ததாகப் பதிவேட்டில் குறிப்பு.

அப்புறம் சாயங்காலம். நான்கு மணி தாண்டினால் கத்தல் ஆரம்பிக்கும். தெலுங்கில்தான். இரவு உதவியாளருக்குத் தெலுங்கு தெரியாது. கத்தினால் அந்த அரை மாத்திரை. பதிவேட்டைப் புரட்டினால் அநேகமாக எல்லா நாளும் "நரம்பு மாத்திரை ½ கொடுக்கப்பட்டது" என்று ஒரே வரி வருகிறது. ஏன் கொடுத்தார்கள், கொடுத்த பின் என்ன ஆனது, எதுவும் இல்லை. அவசரத்துக்கு என்று எழுதிக் கொடுத்தது தினசரி மருந்தாகியிருந்தது.

உதவியாளரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. இரவில் ஒரே ஒருவர் அத்தனை பேரையும் பார்க்கிறார். ஒருவர் கத்தினால் பக்கத்துக் கட்டில்களில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் அவர் கையில் இருந்த ஒரே வழி அந்த மாத்திரைதான். அவருக்கு வேறு வழியைக் கொடுக்காமல் மாத்திரையை மட்டும் பறிப்பது நியாயம் இல்லை. திட்டம் போடும்போது இதுதான் எங்களுக்கு முதலில் மனதில் இருந்தது.

மூட்டுப் பிடிப்பைப் பற்றி ஒரு தடுமாற்றம்

அவ்வாவின் உடல் விறைப்பை இல்லத்தில் யாரும் மருந்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை. அதற்கு ஒரு உள்ளூர்க் காரணம் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல வருடம் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குப் பல் கறைபடுவதோடு முதுகும் மூட்டும் இறுகிப்போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அதனால் வயதான ஒருவர் குனிய முடியாமல், கழுத்தைத் திருப்ப முடியாமல் இருந்தால் "நம்ம ஊர்த் தண்ணி" என்று சொல்லிவிட்டுப் போவது இங்கே வழக்கம்.

அவ்வாவின் பல்லிலும் கறை உண்டு, முழங்கால் தேய்மானமும் உண்டு. ஆனால் ஃபுளோரைடு இறுக்கம் வருடக்கணக்கில் மெல்ல வருவது. இளைய மகனைக் கேட்டேன். "காய்ச்சலுக்கு முந்தின வாரம்கூட மாட்டுக்குப் புல்லு அறுத்துட்டு வந்தாங்க சிஸ்டர்" என்றார். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் வீட்டில் எழுதிவைத்த அட்டையையும் கொண்டுவந்து காட்டினார். அந்த மாதம் வரை ரத்த அழுத்தம் நிலையாக இருந்திருக்கிறது. நடந்துகொண்டிருந்த ஒருவர் சில வாரத்தில் இப்படி விறைத்தால் தண்ணீரைக் காரணம் சொல்ல முடியாது. புதிதாக என்ன சேர்ந்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

மாத்திரை அட்டை

புதிதாகச் சேர்ந்தது இரண்டு மாத்திரை என்றுதான் பதிவேடு சொன்னது. முதல் மாத்திரைக்கு எதிரே வணிகப் பெயர் மட்டும் இருந்தது. அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்தால் இரண்டு மருந்து: ரிஸ்பெரிடோன் 2 மி.கி., ட்ரைஹெக்ஸிஃபெனிடில் 2 மி.கி. நம் ஊர்க் கடைகளில் இப்படி இரண்டும் சேர்ந்த மாத்திரை சாதாரணமாகக் கிடைக்கும். இரண்டாவது மாத்திரை குளோனாசெபாம். ஆக, அவ்வா எடுத்துக்கொண்டிருந்தது மூன்று புது மருந்துகள்.

ரிஸ்பெரிடோன் மனச்சிதைவுக்கான மருந்து. அல்சைமர் நோயில் வேறு எதற்கும் அடங்காத ஆக்ரோஷத்துக்கும் கொடுப்பார்கள், ஆனால் சின்ன அளவில், கொஞ்ச காலத்துக்கு. பிரிட்டனில் அதற்கு அனுமதித்திருப்பது அதிகபட்சம் 6 வாரம், 0.25 மி.கி. இரண்டு வேளை என்று ஆரம்பிப்பார்கள். இந்த வகை மருந்துகள் மறதி நோய் உள்ள முதியவர்களில் இறப்பைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் கட்டம் கட்டி எச்சரித்தது. சுமார் 10 வாரம் நடந்த சோதனைகளில் மருந்து எடுத்தவர்களில் 4.5 சதவீதம் பேரும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.6 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். பழைய தலைமுறை மருந்துகளுக்கும் 2008-இல் அதே எச்சரிக்கை வந்தது. அதற்காகக் கொடுக்கவே கூடாது என்று இல்லை. கொடுத்தால் காரணமும் முடிவுத் தேதியும் எழுதியிருக்க வேண்டும்.

ட்ரைஹெக்ஸிஃபெனிடில், ரிஸ்பெரிடோனால் வரும் விறைப்பைக் குறைக்கச் சேர்ப்பது. இது அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கும். டோனெபெசில் செய்வது அதற்கு நேர் எதிர். அதே பொருள் சிதையாமல் காத்து மூளையில் அதன் அளவைக் கூட்டும். ஞாபகத்துக்கென்று ஒரு மாத்திரை, அதை மறிக்கும் இன்னொன்று, இரண்டும் ஒரே இரவில் ஒரே ஆளுக்கு. அது போதாதென்று, வாய் உலர்வது, மலச்சிக்கல், சிறுநீர் தேங்குவது, குழப்பம் கூடுவது எல்லாம் ட்ரைஹெக்ஸிஃபெனிடிலோடு வருபவை. வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பீர்ஸ் பட்டியலில் இது நெடுநாளாகவே இருக்கிறது.

குழப்பத்துக்கு ஒரு மருந்து, அதன் விறைப்புக்கு இன்னொன்று, அந்த இன்னொன்றால் வந்த அவஸ்தையில் கத்தினால் அதற்கு அரை மாத்திரை. அவ்வாவின் சீட்டு இப்படித்தான் வளர்ந்திருந்தது.

ஒரு வாரக் குறிப்பு

மருந்தில் கைவைக்கும் முன் ஒரு வாரம் எழுதிப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். கத்தல் வந்தால் மூன்று கட்டம்: அதற்கு முன் என்ன நடந்துகொண்டிருந்தது, அவ்வா என்ன செய்தார், அப்புறம் எப்படி அடங்கியது. "ஆக்ரோஷம்", "அடம்" என்ற சொற்களை எழுதக் கூடாது, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும் என்று உதவியாளர்களிடம் சொன்னேன். இதோடு மலம் போன நாள், சிறுநீர் போன நேரம், தூங்கிய மணி, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம்.

உதவியாளர்களில் ஒருவர் வேப்பனப்பள்ளிக்காரர். அவருக்குத் தெலுங்கு நன்றாக வரும். சாயங்கால முறையை அவருக்கு மாற்றிக் கொடுத்தோம். இரண்டாம் நாளே அவர் எழுதினார்: "மாடு இன்னும் வரலை, யாரும் கட்டலைன்னு சொல்றாங்க. எழுந்திருக்கப் பாத்தாங்க. வயித்துக்குக் கீழ கையை வெச்சு அழுத்துறாங்க."

அந்தக் கடைசி வரியால்தான் இல்லத்துக்கு வாரம் ஒருமுறை வரும் மருத்துவர் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். சிறுநீர்ப்பை நிரம்பி மேலே தெரிந்தது. அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தோம். சிறுநீர் கழித்த பிறகும் 250 மி.லி.க்கு மேல் தேங்கியிருந்தது. மலம் நான்கு நாளாகப் போகவில்லை. கத்தல் அதிகமாக இருந்த நாட்களும் மலம் போகாத நாட்களும் குறிப்பில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. படுத்திருக்கும்போது 134/80 இருந்த ரத்த அழுத்தம், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் 106/68. இருமுறை விழுந்ததற்கு இதுவே போதுமான காரணம்.

வலியையும் பார்த்தோம். வாயால் சொல்ல முடியாதவர்களிடம் மூச்சு, முனகல், முகச்சுளிப்பு, உடல் இறுக்கம், ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்று ஐந்தைப் பார்த்து மதிப்பெண் போடும் முறை ஒன்று உண்டு. குளிக்கவைக்க முழங்காலை நீட்டும்போது அவ்வாவின் மதிப்பெண் ஒவ்வொரு நாளும் ஏறியது.

மகன்களோடு பேசியது

மருத்துவர், அரசு மருத்துவமனையின் மாவட்ட மனநலத் திட்ட மனநல மருத்துவர், நான், அந்த உதவியாளர், இரண்டு மகன்கள், மருமகள், எல்லோரும் ஒரு நாள் உட்கார்ந்தோம். மருந்தைக் குறைக்கலாம் என்றதும் இளைய மகன் வேண்டாம் என்றார். இப்போதாவது அம்மா அமைதியாக இருக்கிறார்களே என்றார். மூத்தவர் வெகுநேரம் பேசவில்லை. கடைசியில் கேட்டார்: "மாத்திரையை நிறுத்தி அம்மா மறுபடி கத்தினா, இல்லத்துல இருந்து கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிடுவீங்களா சிஸ்டர்?"

குடும்பத்தினர் மருந்தை விடாமல் பிடித்துக்கொள்வதற்குப் பின்னால் பல நேரம் இருப்பது இந்தப் பயம்தான். அது தீராமல் எத்தனை ஆய்வு முடிவைச் சொன்னாலும் காதில் ஏறாது. இல்ல நிர்வாகி அங்கேயே எழுதிக் கொடுத்தார்: மருந்தைக் குறைக்கும் காலத்தில் நடத்தை மாறினால் அதைக் காரணமாக வைத்து அவ்வாவை வெளியே அனுப்ப மாட்டோம். அந்தத் தாள் பராமரிப்புத் திட்டத்தின் முதல் பக்கமாகச் சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் 2005 எச்சரிக்கையையும், விழும் ஆபத்தையும், குறைத்தால் சில நாள் தொந்தரவு கூடலாம் என்பதையும் மருத்துவர் சொன்னார். கேட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சொல்கிறபடி விவரம் தெரிந்த சம்மதம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு மருந்தைத்தான் குறைக்க வேண்டும். அப்போதுதான் எதனால் என்ன மாறியது என்று தெரியும். இங்கே அதை முழுதாகக் கடைப்பிடிக்க முடியவில்லை. ட்ரைஹெக்ஸிஃபெனிடிலை மட்டும் எடுத்துவிட்டு ரிஸ்பெரிடோனை 2 மி.கி.யிலேயே விட்டால் விறைப்பு இன்னும் மோசமாகும். அதனால் மனநல மருத்துவர் முதலில் சேர்ந்த மாத்திரையை நிறுத்தி இரண்டையும் தனித்தனி மாத்திரையாக எழுதினார். இரண்டுமே பாதியாகி 1 மி.கி. ஆயின. ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். இரண்டு வாரம் கழித்து ட்ரைஹெக்ஸிஃபெனிடிலை நிறுத்துவது. அப்புறம் ரிஸ்பெரிடோன் 0.5, பிறகு 0.25, பிறகு நிறுத்தம், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது இரண்டு வாரம். குளோனாசெபாம் இரவு 0.5 மி.கி.யை அதுவரை தொடுவதில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் குறைத்தால் தூக்கம் கெட்டு, பழி ரிஸ்பெரிடோன் மேல் விழும்.

எஸ்.ஓ.எஸ். அரை மாத்திரை அன்றோடு ரத்து. வேண்டுமென்றால் செவிலியர் மருத்துவரைக் கூப்பிட்டு, காரணம் எழுதி, அந்த ஒரு முறைக்கு மட்டும். அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் மருந்தை வைத்தே ஆட்களைக் கட்டிப்போட்டார்கள் என்ற புகார்களுக்குப் பிறகு 1987-இல் சட்டம் வந்தது. இப்போது அங்கே தேவைப்பட்டால் கொடுக்கும் மனநல மருந்துக்கு 14 நாள்தான் கெடு. அதற்கு மேல் என்றால் மருத்துவர் காரணம் எழுத வேண்டும். முதல் வருடத்தில் இரண்டு வெவ்வேறு காலாண்டில் அளவைக் குறைத்துப் பார்க்க வேண்டும் என்ற விதியும் உண்டு. நம் இல்லங்களுக்கு அந்த விதி பொருந்தாது. ஆனாலும் 14 நாள் என்ற அளவு நல்ல அளவு. அதையே எடுத்துக்கொண்டோம்.

மருந்தை எடுக்கிற இடத்தில் வேறு ஒன்றை வைக்க வேண்டும். வலிக்குப் பாரசிட்டமால் 500 மி.கி. இரண்டு வேளை, கேட்டால் என்றில்லாமல் நேரப்படி. மலச்சிக்கலுக்கு இரவில் லாக்டுலோஸ். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்குக் கூட்டிப்போவது. குளியல் காலை பத்து மணிக்கு, வெந்நீரில், பாரசிட்டமால் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து. எழுப்பும்போது முதலில் கட்டில் ஓரத்தில் சில நிமிடம் உட்காரவைத்து, பிறகு நிற்கவைப்பது. கட்டிலைத் தாழ்த்தினோம். நான்கு மணிக்கு அவ்வாவைத் தெலுங்கு தெரிந்த உதவியாளரோடு பின்புற முற்றத்துக்குக் கொண்டுபோவது. பக்கத்துத் தோட்டத்து மாடுகள் அந்த வழியாகத்தான் திரும்பும். மாடு வந்துவிட்டது என்று அவர் கண்ணாலேயே பார்க்கட்டும் என்பது உதவியாளரின் யோசனை. அந்த வரி திட்டத்தில் அவர் பெயரோடு இருக்கிறது.

அடுத்து நடந்தது

இரண்டாவது வாரக் கடைசியில் எச்சில் வழிவது குறைந்தது. பகலில் கண் விழித்திருந்தார். மூன்றாவது வாரம் மறு ஸ்கேனில் சிறுநீர்த் தேக்கம் பாதிக்கும் கீழே வந்திருந்தது. மலம் ஒன்றுவிட்டு ஒரு நாள் போனது.

சாப்பாட்டில்தான் பெரிய மாற்றம். தூக்கக் கலக்கத்தில் புரையேறும் என்று அதுவரை கரைத்த பிஸ்கட்டும் மசித்த இட்லியும்தான் கொடுத்துவந்தார்கள். அவ்வா வாயைத் திறக்கவே மாட்டார். விழிப்பு வந்ததும் களி கேட்டார். கேழ்வரகுக் களியைக் கடித்துச் சாப்பிடுவதில்லை, உருட்டி விழுங்குவது. விழுங்கும் திறன் சரியில்லாதவருக்கு அது ஆபத்து. ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் அந்தத் திறனையே மந்தமாக்கும். அதனால் முதலில் நிமிர்ந்து உட்காரவைத்து ஒவ்வொரு தேக்கரண்டியாகத் தண்ணீர், இருமல் வருகிறதா, குரல் ஈரமாகிறதா என்று கவனித்தோம். பிறகு கூழ். ஒரு வாரம் கழித்துத் தளரக் கிண்டிய களி, சுண்டைக்காய் அளவு உருண்டை, கீரைக் குழம்பில் முக்கி. ஒவ்வொரு உருண்டைக்கும் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. மெதுவாகத்தான் போகும், உதவியாளர் அவசரப்படவில்லை. மூன்று மாதத்தில் எடை 43.5 கிலோ.

ஆறாவது வாரம், ரிஸ்பெரிடோன் 0.5-இல் இருந்து 0.25 ஆன சில நாளில், கத்தல் திரும்ப வந்தது. குளிக்கவைத்த உதவியாளரின் கன்னத்தில் அவ்வா அறைந்துவிட்டார். பழைய மாத்திரையே கொடுங்கள் என்று ஊழியர்கள் கேட்டார்கள். கேட்டது தவறில்லை, அடி வாங்கியவருக்கு வலித்தது. மாத்திரைக்கு முன் பார்க்க வேண்டியவை என்று திட்டத்தில் எழுதியிருந்தவற்றை வரிசையாகப் பார்த்தோம்: காய்ச்சல் இல்லை, சர்க்கரை சரி, சிறுநீர் சரி. மலம் மூன்று நாளாக இல்லை. லாக்டுலோஸ் பாட்டில் தீர்ந்து புதிது வாங்கவில்லை. குளியலும் அந்த வாரம் ஆள் பற்றாக்குறையால் சாயங்காலத்துக்கு மாறியிருந்தது. இரண்டையும் சரிசெய்தோம். அளவைக் கூட்டவில்லை, ஆனால் அடுத்த படிக்கு இறங்குவதை இரண்டு வாரம் தள்ளிப்போட்டோம். கத்தல் நான்கைந்து நாளில் பழைய நிலைக்கு இறங்கியது. மூன்றாவது மாதக் கடைசியில் ரிஸ்பெரிடோன் முழுதாக நின்றது.

அப்போது அவ்வா ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தா நீளம் நடந்தார். முழங்கை விறைப்பு அநேகமாகப் போய்விட்டது. முதுகு இறுக்கம் அப்படியே இருக்கிறது, அது மருந்தால் வந்தது இல்லை. உதடும் நாக்கும் தாமாக அசைகின்றனவா என்று மாதம் ஒருமுறை பார்க்கிறோம். இந்த மருந்துகளால் வரும் அந்த அசைவு மருந்து நின்ற பிறகும் தலைகாட்டலாம். இதுவரை இல்லை. சாயங்காலப் பரபரப்பு இன்னும் உண்டு. சில நாள் முற்றத்தில் மாடு போன பிறகும் அழுவார். மறதி நோய் முன்னைவிட முற்றித்தான் இருக்கிறது. இடையில் ஒரு முறை விழவும் செய்தார், எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

குளோனாசெபாம் இறங்கவில்லை. 0.5-இல் இருந்து 0.25-க்கு வந்தோம், அதற்குக் கீழே போனபோது தொடர்ந்து சில இரவு அவ்வா தூங்கவே இல்லை, கை நடுங்கியது. திரும்ப 0.25-க்கே போனோம். இதைத் தோல்வி என்று பதிவேட்டில் எழுதவில்லை. முயன்றது, நின்ற காரணம், அடுத்து பார்க்கும் தேதி, மூன்றையும் எழுதினோம்.

இப்போது செய்வதும் இனி மாற்ற வேண்டியதும்

இல்லத்தில் மனநல மருந்து எடுக்கும் ஒவ்வொருவருக்கும் தனித் தாள் போட்டாகிவிட்டது. அட்டையின் பின்பக்கத்தில் உள்ள மருந்துப் பெயர்தான் அதில் ஏறும். யார் ஆரம்பித்தது, கண்ணால் பார்த்த எந்த நடத்தைக்காக, மறுபடி பார்க்கும் தேதி எது. இந்த மூன்றில் ஒன்று காலியாக இருந்தாலும் வாரம் வரும் மருத்துவர் முன் அந்தத் தாள் முதலில் போகும். புதிதாக வருகிறவர்களின் டிஸ்சார்ஜ் சீட்டில் "தொடரவும்" என்று மட்டும் இருந்தால் எழுதிய மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்கிறோம். பெரும்பாலும் அவர்களே "அதை நிறுத்திடலாமே, இன்னுமா கொடுக்கிறீங்க?" என்று சொல்கிறார்கள். சீட்டு எழுதும்போதே அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் எத்தனையோ பேர் இப்படி மாதக்கணக்கில் சுருண்டு கிடக்க வேண்டியதில்லை. மருத்துவமனைகளில் வேலை செய்யும் சக செவிலியர்களை நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்: வீட்டுக்கு அனுப்பும் முன் மருத்துவரிடம் "இது எதுவரைக்கும்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஒரு வாரக் குறிப்பை முதல் நாளிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். அவ்வா வந்த அன்றே அடிவயிற்றையும் மலப் பதிவையும் பார்த்திருந்தால் ஒரு மாத அவஸ்தை குறைந்திருக்கும். வந்ததும் முதலில் பார்க்க வேண்டியவற்றின் பட்டியலில் இரண்டும் இப்போது இருக்கின்றன. வந்தவரின் வீட்டு மொழி, சாயங்காலம் என்ன வேலை செய்து பழகியவர் என்பவையும் சேர்க்கைத் தாளிலேயே கேட்கப்படுகின்றன. மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, முதியோர் உதவி எண் 14567 இரண்டும் இரவு மேசைக்கு மேலே ஒட்டியிருக்கின்றன.

இரவுக்கு இன்னொரு உதவியாளர் வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம், இன்னும் கிடைக்கவில்லை. அவ்வாவின் குளோனாசெபாமை மறுபடி குறைத்துப் பார்ப்பது அதையும் பொறுத்தது. மாங்காய் சீசன் முடிந்து, தோப்பு வேலை ஓய்ந்த பிறகு பார்க்கலாம் என்று இளைய மகன் சொன்னார். குறைக்கும் முதல் சில இரவு தான் வந்து தங்குவதாக மூத்தவர் சொல்லியிருக்கிறார். ஆடி முதல் வாரம் என்று தாளில் எழுதியாகிவிட்டது.